இளம் கால்களும் கனமான கியரும்

சைக்கிள் பந்தயத்தில் ஒருவரின் வேகத்தை இரண்டு எண்கள் முடிவு செய்கின்றன. பெடலை ஒருமுறை முழுமையாகச் சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது ஒன்று. ஒரு நிமிடத்தில் பெடலை எத்தனை முறை சுற்றுகிறார் என்பது மற்றொன்று. முதல் எண்ணைக் கியர் தீர்மானிக்கிறது; இரண்டாவதைக் கால்கள் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டாவது எண்ணைத்தான் பந்தய உலகில் 'கேடன்ஸ்' என்கிறார்கள். தமிழில் மிதிவேகம் எனலாம்.

ஒரே வேகத்தை இரு வழிகளில் எட்டலாம். கனமான கியரைப் போட்டு மெதுவாக, அழுத்தி மிதிக்கலாம். இலேசான கியரைப் போட்டு விரைவாகச் சுழற்றலாம். முதிர்ந்த வீரருக்கு இது பெரும்பாலும் பழக்கத்தையும் விருப்பத்தையும் பொறுத்தது. வளரும் பருவத்தினருக்கோ இது உடல்நலம், திறன், எதிர்காலம் ஆகிய மூன்றையும் தொடும் முடிவு. நெடுங்காலமாக இந்த முடிவைப் பன்னாட்டு விதிகளே ஓரளவு எடுத்து வந்தன. 2023-ஆம் ஆண்டிலிருந்து சாலைப் பந்தயங்களில் அது பயிற்சியாளர்களின், பெற்றோர்களின் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பொறுப்பை ஏற்க நாம் ஆயத்தமாக இருக்கிறோமா என்பதே கேள்வி.

நான் பொருளாதாரம் கற்பித்தவன். விளையாட்டுப் பயிற்சியாளன் அல்லன். என் பேத்தி பந்தய சைக்கிள் பயிற்சியில் சேர்ந்த பிறகு, சாலையோரங்களிலும் வெலோட்ரோம் எனப்படும் சரிவுத் தடங்களின் படிக்கட்டுகளிலும் பல காலைப்பொழுதுகளைக் கழித்து வருகிறேன். வகுப்பறையில் செலவுக் கோட்பாடு என்று நான் விளக்கி வந்த ஒன்று, அங்கே இளைஞர்களின் முழங்கால்களில் நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறேன்.

முதலில் ஓர் எளிய கணக்கு. ஒரு வீராங்கனை 200 வாட் ஆற்றலைச் செலுத்துகிறார் என்று கொள்வோம். அவருடைய பெடல்தண்டின் நீளம் 170 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால், பெடலின் மீது அவர் சராசரியாகச் செலுத்த வேண்டிய விசை ஏறத்தாழ 19 கிலோ எடைக்குச் சமம். அதே ஆற்றலை நிமிடத்துக்கு 90 சுற்றில் செலுத்தினால், அந்த விசை 13 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. இவை சராசரிகள், கால் கீழ்நோக்கி அழுத்தும் தருணத்தில் உச்ச விசை இவற்றைவிடப் பெரிது. வண்டியின் வேகம் மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு மிதியிலும் மூட்டும் தசையும் தாங்கும் சுமை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

இதற்கு ஈடாக, ஒரு மணி நேரத்தில் 3,600 முறை சுற்ற வேண்டிய கால்கள் 5,400 முறை சுற்ற வேண்டியிருக்கிறது. கால்களுக்கும் எடை உண்டு; அவற்றைச் சுழற்றுவதற்கே ஆற்றல் தேவை. எனவே மிதிவேகம் கூடும்போது மூச்சு வாங்குகிறது. இதயத் துடிப்பு ஏறுகிறது. ஆய்வுக்கூடத்தில் உட்கொள்ளப்படும் ஆக்ஸிஜனை அளந்து பார்த்தால், மிதமான ஆற்றலில் மிகச் சிக்கனமான மிதிவேகம் நிமிடத்துக்கு 50 முதல் 70 சுற்றுக்குள்தான் பெரும்பாலும் அமைகிறது. ஆனால் தேர்ந்த பந்தய வீரர்கள் சமதளச் சாலையில் தாமாகவே தேர்ந்தெடுப்பது 90 முதல் 100 சுற்று.

உலகின் மிகச் சிறந்த வீரர்கள் ஏன் செலவு கூடிய வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? விடையின் ஒரு பகுதி, ஆற்றல் கூடக்கூடச் சிக்கனமான மிதிவேகமும் உயர்கிறது என்பது. பந்தய வீரர்கள் செலுத்தும் ஆற்றல் மிதமானதன்று. மற்றொரு பகுதி, பொருளாதாரம் படித்தவர்களுக்குப் பழக்கமானது. ஆக்ஸிஜன் ஒரு செலவு மட்டுமே. அதுவே முழுச் செலவு அன்று.

நம் தசைகளில் இருவகை இழைகள் உள்ளன. மெதுவாகச் சுருங்கும் இழைகள் எளிதில் களைப்படைவதில்லை. விரைவாகச் சுருங்கும் இழைகள் பெருவிசை தருபவை. ஆனால் சீக்கிரம் சோர்ந்துவிடுபவை. பெடலை அழுத்தும் விசை கூடினால் இரண்டாம் வகை இழைகள் கூடுதலாக அழைக்கப்படுகின்றன. அவற்றில் சேமித்து வைக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் விரைவாகக் கரைகிறது. இறுகிய தசைக்குள் இரத்த ஓட்டமும் தடைபடுகிறது. விரைவான, இலேசான மிதி இந்தச் சுமையின் ஒரு பகுதியைத் தசையிலிருந்து இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மாற்றிவிடுகிறது. மேல்மூச்சு சில நிமிடங்களில் அடங்கிவிடும். தொடைத் தசையில் தீர்ந்துபோன சேமிப்பு அன்றைய பந்தயத்துக்குள் திரும்புவதில்லை. கிடைப்பருமை மிகுந்த வளத்தைக் காத்து, விரைவில் மீளும் வளத்தைச் செலவிடு என்பது எந்தப் பொருளாதாரப் பாடநூலும் ஏற்கும் முடிவு. அந்த வீரர்கள் இதைக் கால்களால் கற்றிருக்கிறார்கள்.

சிறுவர், சிறுமியருக்கு இந்த வாதம் இன்னும் வலுவாகப் பொருந்துகிறது. பருவமடைவதற்கு முன் அவர்களுடைய உடல், ஆக்ஸிஜனைக் கொண்டு ஆற்றல் பெறும் வழியையே பெரிதும் சார்ந்திருக்கிறது. கடும் முயற்சிக்குப் பிறகு பெரியவர்களைவிட விரைவாக அவர்கள் மீள்கிறார்கள். மறுபுறம், அவர்களுடைய எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தகடுகள் இன்னும் மூடவில்லை. முழங்காலுக்குக் கீழே, தொடைத் தசையின் நாண் எலும்போடு இணையும் இடம் இப்பருவத்தில் மென்மையாக இருக்கிறது. ஓடியும் குதித்தும் விளையாடும் பதின்பருவத்தினரில் சிலருக்கு அங்கே வீக்கமும் வலியும் வருவதை எலும்பியல் மருத்துவர்கள் நன்கறிவார்கள். பெடலை அழுத்தும் விசை கூடினால் முழங்கால்சில்லின் மீதான அழுத்தமும் கூடும். பெரியவர்களுக்கு அது தாங்கத்தக்க சுமையாக இருக்கலாம். 13 வயதில் அதே சுமையை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப ஏற்றுவது விவேகமாகாது.

இந்தக் கவலையிலிருந்து பிறந்ததே ஜூனியர் கியர் வரம்பு. 2022 இறுதிவரை பன்னாட்டு சைக்கிள் பந்தயச் சம்மேளனத்தின் விதிப்படி 17, 18 வயதினர் சாலைப் பந்தயத்தில் பயன்படுத்தும் மிகக் கனமான கியர், பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு 7.93 மீட்டருக்கு மேல் வண்டியை நகர்த்தக் கூடாது என்றிருந்தது. முன்னால் 52 பற்கள், பின்னால் 14 பற்கள் என்ற இணை ஏறத்தாழ இந்த அளவைத் தரும். நடுவர்கள் தரையில் கோடு போட்டு, வண்டியைப் பின்னோக்கி உருட்டி, பெடல் ஒரு சுற்று முடிப்பதற்குள் சக்கரம் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள்.

இந்த வரம்பு வேகத்துக்குத் தடையன்று. அதற்கு வரலாறே சான்று. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972 அக்டோபரில் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். அப்போது அவர் பயன்படுத்திய கியர் 52-க்கு 14. அதாவது, பிற்காலத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு உச்சவரம்பாக இருந்த அதே பற்சக்கர இணை. அந்தத் தூரத்தைக் கடக்க அவர் 60 நிமிடமும் நிமிடத்துக்குச் சராசரியாக 104 சுற்று மிதித்திருக்க வேண்டும். 2015-இல் இலண்டனில் 54.526 கிலோமீட்டர் ஓட்டிய பிராட்லி விக்கின்ஸ் 58-க்கு 14 என்ற கியரைப் பயன்படுத்தினார். மிதிவேகம் ஏறத்தாழ 105. 2022-இல் சுவிட்சர்லாந்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டிய இத்தாலியர் பிலிப்போ கன்னாவின் கியர் 65-க்கு 14. மிதிவேகம் சுமார் 96. அரை நூற்றாண்டில் கியர் வெகுவாகக் கனத்திருக்கிறது. மிதிவேகமோ 95-க்குக் கீழே இறங்கவில்லை. கனமான கியரைச் சுழற்றும் வலிமை, சுழற்றும் கலையின் மேல் கட்டப்பட்டதே தவிர, அதற்கு மாற்றாக வந்ததன்று.

2023 ஜனவரி முதல் சாலைப் பந்தயங்களில் ஜூனியர் கியர் வரம்பு நீக்கப்பட்டது. நீக்கத்தை ஆதரிப்போரின் வாதங்களும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. கடைகளில் விற்கும் வண்டிகள் பெரியவர்களுக்கான பற்சக்கரங்களோடு வருகின்றன. பிள்ளைகளுக்காக அவற்றை மாற்றுவது வீண்செலவு. இறக்கங்களில் கால்கள் கட்டுக்கடங்காமல் சுழல்கின்றன. கனமான கியரே காயத்துக்குக் காரணம் என்று உறுதியாக நிறுவும் ஆய்வுகள் போதவில்லை. இவற்றில் உண்மை உண்டு. ஆனாலும் இந்த வாதங்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றன: அந்த விதி உடலை மட்டுமன்றி, போட்டியின் தன்மையையும் காத்து வந்தது.

இதைப் புரிந்துகொள்ள, பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று உதவும். பனி ஹாக்கி வீரர்களில் பலர் அக்காலத்தில் தலைக்கவசம் அணிவதில்லை. அணியாமல் ஆடுவது ஆபத்து என்பது அவர்களுக்குத் தெரியும். தனியாக ஒருவர் மட்டும் அணிந்தால் பார்வை சற்று மறையும். மற்றவர்களின் ஏளனமும் சேரும். ஆகவே தனித்தனியே கேட்டால் அணிய மாட்டார்கள். எல்லோருக்கும் விதியாக்கினால் மகிழ்ச்சியோடு ஏற்பார்கள். ஒவ்வொருவரும் தமக்கு நல்லதென்று எடுக்கும் முடிவுகள் சேர்ந்து எல்லோருக்கும் கெடுதலாக முடியும் இடத்தில், பொதுவிதிதான் அவர்களை விடுவிக்கிறது என்பது ஷெல்லிங்கின் கருத்து.

கியர் வரம்பும் அத்தகைய தலைக்கவசமே. வரம்பில்லாத பந்தயத்தில் ஒரு சிறுவன் 53-க்கு 11 என்ற கியரைப் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு வண்டி 10 மீட்டருக்கு மேல் நகரும். மணிக்கு 52 கிலோமீட்டர் வேகத்தை அவன் நிமிடத்துக்கு 86 சுற்றில் எட்டிவிடுவான். 7.93 மீட்டர் கியரில் இருக்கும் அவனுடைய தோழன் அதே வேகத்துக்கு 110 சுற்று மிதிக்க வேண்டும். 110 சுற்றில் இடுப்பு துள்ளாமல் ஓட்டுவதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். கியரை மாற்றுவதற்கு ஒரு விரலசைவு போதும். அடுத்த வாரமே தோழனும் கனமான கியருக்கு மாறிவிடுவான். சில மாதங்களில் எல்லோரும் கனமான கியரில் இருப்பார்கள். அப்போது யாருக்கும் தனி ஆதாயம் இல்லை; சுழற்றும் கலையைக் கற்க வேண்டிய தேவை மட்டும் மறைந்திருக்கும்.

இதில் இன்னொரு அநீதியும் உண்டு. 14 வயதில் ஒரே பிரிவில் போட்டியிடும் இருவரில் ஒருவருக்கு மீசை அரும்பியிருக்கும். மற்றவர் இன்னும் குழந்தையாகவே இருப்பார். பிரிவுகள் நாட்காட்டி ஆண்டின்படி அமைவதால், ஜனவரியில் பிறந்தவருக்கும் டிசம்பரில் பிறந்தவருக்கும் ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு இருக்கும். பல விளையாட்டுகளில் இளம் அணிகளுக்குத் தேர்வாவோரில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுந்திருப்பது நெடுநாளாக அறியப்பட்ட உண்மை. கனமான கியர், முன்கூட்டியே வளர்ந்தவருக்குக் கிடைக்கும் கூடுதல் சலுகை. அவர் தசை வலிமையால் வெல்கிறார். திறனைக் கற்கத் தேவையின்றி வெல்கிறார். 19 வயதில் மற்றவர்களும் வளர்ந்து நிற்கும்போது அவருடைய கையிருப்பில் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. தாமதமாக வளர்ந்த பிள்ளையோ அதற்குள் மனம் தளர்ந்து வண்டியை விற்றிருக்கும். இழப்பு இருவருக்கும்தான்.

சென்ற பருவத்தில் ஒரு மாவட்டப் போட்டியில் நான் கண்டதைச் சொல்கிறேன். கட்டுமஸ்தான ஒரு சிறுவன் மிகக் கனமான கியரில், தோள்கள் இடமும் வலமும் அசைய, வெகுதூரம் முன்னிலை வகித்தான். இறுதித் திருப்பத்தில் எல்லோரும் வேகம் குறைத்து மீண்டும் பாய வேண்டியிருந்தது. அவன் பெடலின் மீது எழுந்து நின்று அழுத்தினான். வண்டி நகர மறுத்தது. மெலிந்த நால்வர் இலேசான கியரில் சடசடவென்று சுழற்றி அவனைக் கடந்தார்கள். கரையில் நின்ற தந்தை, "பெரிய கியர் போடு, பெரிய கியர் போடு" என்று உரக்கக் கூவிக்கொண்டே இருந்தார்.

அந்தத் தந்தையைக் குறை சொல்வதற்கில்லை. மாநில அளவில் ஒரு பதக்கம் என்பது விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமாகவும், பின்னர் அரசு வேலைவாய்ப்பாகவும் மாறக்கூடிய சமூகத்தில் நாம் வாழ்கிறோம். இன்றைய பதக்கத்தின் மதிப்பு கண்முன் தெரிகிறது. ஐந்தாண்டுக்குப் பின் வரும் திறனின் மதிப்பு மங்கலாகத் தெரிகிறது. எதிர்கால நன்மையை மிகையாகத் தள்ளுபடி செய்யும் இந்த மனப்போக்கு மனித இயல்பு. அதைச் சமன்செய்வதற்குத்தான் பயிற்சியாளரும் அமைப்பும் தேவைப்படுகிறார்கள்.

மிதிவேகத்தை வளர்ப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. முதலில் அளக்க வேண்டும். விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டாலும், வலது முழங்கால் 15 விநாடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். அடுத்து, வண்டி பிள்ளைக்குப் பொருந்த வேண்டும். இருக்கை மிக உயரமாக இருந்தால் இடுப்பு ஆடும். மிகத் தாழ்வாக இருந்தால் முழங்கால் நெரியும். குட்டையான கால்களுக்கு நீளமான பெடல்தண்டு விரைவாகச் சுழற்றத் தடையாகும்; சற்றுக் குறுகிய தண்டு அதே கால்களுக்கு எளிதாகச் சுழலும்.

பிறகு பயிற்சி. உடல் சூடேறிய பின், சமதளச் சாலையில் மிக இலேசான கியரில், வழக்கமான மிதிவேகத்திலிருந்து ஒவ்வொரு நிமிடமும் ஐந்து சுற்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். இருக்கையில் உடல் துள்ளத் தொடங்கும் இடமே அன்றைய எல்லை. அதற்குச் சற்றுக் கீழே இறங்கி, ஓரிரு நிமிடம் அமைதியாகச் சுழற்றி, பின் ஓய்வு. வாரத்தில் இரண்டு நாள் இப்படிச் செய்தால் அந்த எல்லை மெல்ல மெல்ல மேலேறும். உடல் துள்ளுவது வலிமைக் குறைவால் அன்று. ஒரு கால் மேலே வரும்போது அதன் தசை உரிய நேரத்தில் தளராமல், கீழிறங்கும் மற்றக் காலை எதிர்த்து நிற்பதால். எனவே இது நரம்புகளுக்கும் தசைகளுக்கும் இடையிலான ஒத்திசைவுப் பயிற்சி. மிருதங்கம் பழகும் பிள்ளை முதலில் கீழ்க்காலத்தில் பாடத்தைச் சீராக்கி, பின் மேல்காலத்துக்குப் போவதைப் போன்றது. இளவயதில் இத்தகைய ஒத்திசைவு எளிதாகப் படிகிறது.

கால்களை ஓயவிடாத நிலைச்சக்கர வண்டியும் சிறந்த ஆசான். வெலோட்ரோமில் ஓடும் வண்டிக்குப் பிரேக்கும் இல்லை, கியர் மாற்றும் வசதியும் இல்லை. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். அங்கே குறுந்தூரப் பந்தயம் ஓட்டுபவர் நின்ற நிலையிலிருந்து ஒரே கியரில் புறப்பட்டு, நிமிடத்துக்கு 130 சுற்றுக்கு மேல் எட்ட வேண்டும். இந்திய இளைஞர்கள் உலக அரங்கில் முதன்முதலாக முத்திரை பதித்தது இந்தப் பிரிவில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். 2018-இல் சுவிட்சர்லாந்தின் எய்கிலில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் அந்தமானைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார். 2019-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் ஆன் டெர் ஓடரில் அவர் இடம்பெற்ற இந்திய ஜூனியர் அணி, ஆடவர் குழு ஸ்பிரிண்டில் தங்கம் வென்றது.

எச்சரிக்கையும் வேண்டும். 90 அல்லது 100 என்ற எண் மந்திரமன்று. மலையேற்றத்தில் 70, 80 சுற்றுக்கு இறங்குவது இயல்பு. உயரமானவருக்கும் குட்டையானவருக்கும், தசை அமைப்பு வேறுபட்டவர்களுக்கும் உகந்த மிதிவேகம் வேறுபடும். ஆற்றலைக் கூட்டாமல் வெறுமனே வேகமாகச் சுழற்றுவதால் எந்தப் பந்தயத்தையும் வெல்ல முடியாது. எலும்பு முதிர்ந்த பின், மேற்பார்வையோடு கனமான கியரில் வலிமைப் பயிற்சி செய்வதிலும் தவறில்லை. நாம் பிள்ளைகளுக்குத் தர வேண்டியது ஒரு எண்ணை அன்று, ஒரு வீச்சை. 60-இலும் 120-இலும் சீராக மிதிக்கத் தெரிந்தவருக்குப் பந்தயத்தின் எந்தத் திருப்பத்திலும் தேர்வு செய்ய வழியிருக்கும். 70-இல் மட்டுமே மிதிக்கத் தெரிந்தவருக்கு ஒரே வழிதான்.

பன்னாட்டு விதி நீங்கியதால் உள்ளூரில் விதி கூடாது என்றாகிவிடாது. பிரிட்டனில் 16 வயதுக்குட்பட்ட பிரிவுகளுக்கு, வயதுக்கேற்ற கியர் வரம்புகளைத் தேசிய அமைப்பே நெடுங்காலமாக வகுத்து வந்திருக்கிறது. நம் மாவட்ட, மாநில அமைப்புகளும் குறைந்தது சப்-ஜூனியர் பிரிவுகளிலாவது ஒரு வரம்பை அறிவித்து நடைமுறைப்படுத்தலாம். அதற்குப் புதிய பற்சக்கரமும் வாங்க வேண்டியதில்லை. மிகச் சிறிய பற்சக்கரங்களுக்குச் செயின் செல்லாதபடி கியர்மாற்றியின் திருகாணியை முடுக்கிவைத்தாலே போதும். சோதிக்க ஓர் அளவுநாடாவும் சுண்ணக்கோடும் போதும். இவ்வளவு மலிவான பாதுகாப்பு வேறெந்த விளையாட்டிலும் அரிது.

அதுவரை பொறுப்பு நம்முடையது. அடுத்த பந்தயத்தில் சாலையோரம் நிற்கும் பெற்றோர் பிள்ளையின் இடத்தை மட்டும் பார்க்காமல், அதன் முழங்கால்களையும் ஒரு 15 விநாடி பார்க்கட்டும். தோள்கள் அசையாமல், இடுப்பு துள்ளாமல், கால்கள் சீராகச் சுழல்கின்றனவா என்று எண்ணட்டும். பத்தாவதாக வந்த பிள்ளையிடம் அந்தச் சுழற்சி இருந்தால், அது முதலாவதாக வந்த பிள்ளையைவிட நீண்ட தூரம் போகக்கூடும். அந்தப் பிள்ளை வண்டியை விற்றுவிடாமல் பார்த்துக்கொள்வதே பெரியவர்களின் வேலை.